அளவுகோல் வீட்டு நிறுத்தம்

இரண்டாம் எண் டிராம் திட்ட அதிகாரியின் வீட்டு நடுக்கூடத்தின் வழியாக ஓடத் தொடங்கிய வருஷம் வெங்காயம் மலிவாக இருந்தது, மழை சுமார், சிமெண்ட் மட்டும் மூட்டைக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. டிராம் கிழக்குச் சுவர் வழியாக உள்ளே வரும். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, ஒருமுறை மணி அடித்து, மேற்குச் சுவர் வழியாக வெளியே போகும். சுவர்கள் இடியவில்லை. டிராமின் அகலத்துக்கும் உயரத்துக்கும் வழிவிட்டு அவையாகவே ஒதுங்கியிருந்தன. ஒதுங்கிய இடத்தில் சுண்ணாம்புகூட உதிரவில்லை. பிறத்தியார் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று பயணிகள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அந்தக் கூச்சமெல்லாம் போய், இன்றைக்கு இங்கே என்ன சாப்பாடு என்று கழுத்தை நீட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பூமிக்கடியில் ஏதோ அசைவு என்று கல்லூரி ஆசிரியர்கள் சொன்னார்கள். வளைவில் கிரீஸ் போடுகிற அக்காவின் வயிற்றெரிச்சல் என்று டிராம் பணிமனையில் சொன்னார்கள். பணிமனைக்காரர்கள் சொன்னதுதான் உண்மை, அதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

டிராம் வருவதற்கு முன்பு அந்த நகரத்தில் யாரும் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. கார்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக ஊர்ந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகிற நர்சுகள் பாதி வழியில் இறங்கி ஓடினார்கள். பிள்ளைகள் முதல் பாடத்தைத் தெருவிலேயே படித்து முடித்தார்கள். சந்தையிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து ஆலைப்பேட்டை என்று இரண்டாம் எண் தடத்துக்குத் திட்டம் போட்டபோது ஊரே கை தட்டியது. தடத்தை வரைந்தவர் திட்ட அதிகாரி. சட்டைப் பையில் எப்போதும் ஓர் எஃகு அளவுகோல் வைத்திருப்பார், கடையில் சோப்பு வாங்கினாலும் எடுத்து அளந்து பார்ப்பார். அதனால் ஊருக்கு அவர் அளவுகோல். சுபாவத்தில் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கணக்கில் சுத்தம், பேச்சில் மரியாதை. ஆனால் ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அந்த வியாதி அவருக்கு இருந்தது, அதை அவர் தொழில் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தடம் முதலில் நேராகத்தான் போவதாக இருந்தது. அளவெடுக்க வந்த ஆட்கள் எங்கெங்கே சிவப்புப் பெயிண்டால் குறி போட்டார்கள் என்பதை அந்தத் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு குறி அளவுகோல் புதிதாகக் கட்டிக் குடிவந்திருந்த மாடி வீட்டின் கேட் தூணில் விழுந்தது. அடுத்த வாரம் ஓர் ஆள் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து அதைத் துடைத்தான். அதற்கடுத்த வாரம் அதே சிவப்புக் குறி எதிர்ப்பக்கம், பிரம்பு நாற்காலி பின்னுகிறவனின் ஓட்டு வீட்டுச் சுவரில் இருந்தது. நேராக வரவேண்டிய தண்டவாளம் மாடி வீட்டுக்கு முன்னால் மரியாதையாக ஒதுங்கி, ஓட்டு வீட்டின் வயிற்றில் புகுந்து, மறுபடி தெருவுக்கு வரும் என்று ஆயிற்று. டிராம் அவ்வளவு இறுக்கமான வளைவில் திரும்பினால் சக்கரம் கிரீச்சிடும் என்று ஓட்டுநர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கிரீஸ் போட்டால் சரியாகிவிடும் என்று அளவுகோல் பதில் சொன்னார்.

பிரம்பு பின்னுகிறவனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அவனை வளர்த்தவள் அக்கா. அப்பா அம்மா போன பிறகு அவள் கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்காமல், அவன் பின்னிய நாற்காலிகளுக்கு மெருகு போட்டு, தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். அந்த வீட்டுக்குள் அவனைப் பார்ப்பவர்கள் கண் தெரியாதவன் என்று சொல்ல மாட்டார்கள். கோல் எடுக்க மாட்டான். இடது கையைச் சுவரில் லேசாகத் தடவியபடி போவான். அப்படி வருஷக்கணக்காகத் தடவியதில் இடுப்பு உயரத்தில் சுவரெங்கும் வழவழவென்று ஒரு கோடு விழுந்திருந்தது. காலையில் எழுந்ததும் கட்டிலிலிருந்து நேரே நடந்து, கொல்லைக் கதவைத் திறந்து, படி இறங்கிப் பிரம்பு ஊறுகிற தொட்டியில் முகம் கழுவுவான். தினமும் இதே வழிதான், இதே வேகம்தான்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது அக்கா திட்ட அலுவலகத்துக்குப் போனாள். அளவுகோல் அவளை நிற்க வைக்கவில்லை, உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒரு வீட்டுக்காக ஒரு ஊரை நிறுத்த முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, எந்த வீடு என்பதைத் தவிர. கேட் தூணில் இருந்த குறியைப் பற்றி அவள் கேட்டாள். அப்படி ஒரு குறி இருந்ததே இல்லை என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தடத்துக்காக வீடு போனவர்களுக்கென்று அதே துறை கட்டிய அடுக்குமாடியில், நாலாவது மாடியில் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. அதையும் வரைந்தவர் அளவுகோல்தான். செங்கல் மிச்சம் பிடிக்க பால்கனிச் சுவரை முழங்காலுக்குச் சற்று மேலோடு நிறுத்தியிருந்தார், அந்தச் சிக்கனத்துக்காக அவருக்குப் பாராட்டும் கிடைத்திருந்தது.

புது வீட்டில் தம்பி தடுமாறினான். சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாமல் நடுக்கூடத்திலேயே நின்றுவிடுவான். அவன் அப்படி நிற்பதை அக்காவால் பார்க்க முடியவில்லை. ஆகவே அவள் ஒரு காரியம் செய்தாள். பழைய வீட்டில் கட்டில் எப்படிக் கிடந்ததோ அப்படியே, அதே திசையில் தலை வைத்து, அதே பக்கம் கால் இறங்குகிற மாதிரி போட்டுக்கொடுத்தாள். அன்று அவன் நிம்மதியாகத் தூங்கினான். காலையில் அரைத்தூக்கத்தில் எழுந்து, பழைய வழியே பழைய வேகத்தில் நேரே நடந்தான். பழைய வீட்டில் கொல்லைக் கதவு இருந்த இடத்தில் இங்கே பால்கனிக் கதவு இருந்தது. அக்கா அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவன் படி இறங்குவதற்குக் காலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும் என்று பிறகு போலீஸ்காரர் சொன்னார். கட்டிலை அப்படிப் போட்டது யார் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள், தினமும் கேட்டாள், பதில் தாங்க முடியாமல் போகும்போதெல்லாம் அந்த மாடி வீட்டு கேட் தூணை நினைத்துக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் டிராம் பணிமனைக்குப் போய் வேலை கேட்டாள். யாருக்கும் பிடிக்காத வேலை ஒன்று காலியாக இருந்தது: வளைவுக்கு கிரீஸ் போடுவது. ஒரு டப்பா, ஒரு தூரிகை. தண்டவாளத்தின் தலையில் போடக் கூடாது, சக்கரம் வழுக்கும். சக்கர விளிம்பு உரசுகிற உள்பக்கத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஒரு டிராம் போய் அடுத்தது வருவதற்குள் தடவி முடித்து எழுந்துவிட வேண்டும். பணிமனை மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார். கிரீஸ் ஈரமாக இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது, அது அங்கே பழைய வழக்கம். சூட்டில் கிடக்கிற இரும்பு, ஈரத்தில் இருக்கும்போது காதில் விழுந்ததைப் பிடித்துக்கொள்ளும் என்பது டிராம்காரர்களின் நம்பிக்கை. முன்பு ஒருவன் கிரீஸ் போடும்போது கடன்காரனைத் திட்டித் தீர்க்கப் போய், அந்தக் கடன்காரன் ஏறிய டிராமின் கதவு எந்த நிறுத்தத்திலும் திறக்கவில்லையாம். அக்கா தலையாட்டினாள். வளைவுக்குப் போய், இடிபட்ட வீட்டில் தன் அடுக்களை இருந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூரிகையைத் தோய்த்து, முதல் நாளே வாயைத் திறந்தாள்.

"உன்ன நேராத்தான் போட இருந்தாங்க," என்று தண்டவாளத்திடம் சொன்னாள். "அந்த ஆளுதான் வளைச்சான். நீ வளைஞ்சதுக்கு என் தம்பி போயிட்டான்."

தினமும் அதையே சொன்னாள். திட்டவில்லை, சாபம் விடவில்லை. வெயிலிலும் தூறலிலும், காய்ச்சல் அடித்த நாளிலும் அதே சொற்கள்தான். எறும்பு ஊரக் கல்லும் தேயும். அந்த மழைக்காலம் முடிவதற்குள், வளைவில் கிரீச்சென்ற சத்தம் கொஞ்சம் குறைந்திருப்பதை ஓட்டுநர்கள் கவனித்தார்கள். நல்ல கிரீஸ் என்று நினைத்தார்கள். அப்புறம் ஒருநாள் தடத்தை அளக்கிற ஆட்கள் வந்து பார்த்தபோது, வளைவு மாடி வீட்டுப் பக்கமாக ஒரு சாண் நிமிர்ந்திருந்தது. தார், கட்டைகள், மேலே ஓடுகிற மின்கம்பி, கம்பத்திலிருந்த காக்காய்க்கூடு, எல்லாமே ஒரு சாண் தள்ளியிருந்தன. ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பிப் பழைய இடத்தில் வைத்தார்கள். அது சாயங்காலத்துக்குள் திரும்ப வந்துவிட்டது. நாய் வாலை நிமிர்த்த முடியாத ஊரில் தண்டவாளம் தானாக நிமிர்கிறதே என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அவர் கடைக்கு முன்னால் நடைபாதை அகலமாகிக்கொண்டே வந்ததால் அவருக்குச் சிரிப்பதற்கு நியாயம் இருந்தது.

நிர்வாகக் குழு கூடியது. டிராமை நிறுத்திவிட்டு ஆராயலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்குள் நகரம் முழுக்க டிராமை நம்பி நடக்க ஆரம்பித்திருந்தது. கார் வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டார்கள், கார் நின்ற கொட்டகைகளில் தையல் கடைகளும் டியூஷன் வகுப்புகளும் வந்துவிட்டன. ஆலையின் சங்கு டிராம் நேரத்தைப் பார்த்து ஊதியது, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்கூட அதை வைத்துத்தான் குறித்தார்கள். ஒரு வீட்டுக்காக ஒரு ஊரை நிறுத்த முடியாது என்று குழுத் தலைவர் சொன்னார். கூட்டத்தில் அளவுகோலும் இருந்தார். தன் வாயிலிருந்து போன வாக்கியம் மேஜையைச் சுற்றிக்கொண்டு தன்னிடமே வந்து சேர்ந்ததை அவர் கேட்டார். எதிர்த்துப் பேசினால், தடம் முதலில் ஏன் வளைந்தது என்ற கேள்வி வரும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வலித்தது, வாயைத் திறக்க முடியவில்லை, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கி ஓட்டுப் போட்டார்.

முதலில் அவருடைய காம்பவுண்ட் சுவர் ஒதுங்கியது. அடுத்த வருஷம் தோட்டம். ரோஜாச் செடிகள் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நின்று முன்னைவிட நன்றாகப் பூத்தன, அதுதான் அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. பிறகு முன்வாசல். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அளவுகோல் சாப்பிட உட்கார்ந்தபோது, கிழக்குச் சுவர் வழியாக முதல் டிராம் உள்ளே வந்தது. ஓட்டுநர் மரியாதைக்கு மணி அடித்தார். அளவுகோல் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார், டிராம் போன பிறகு திரும்ப உட்கார்ந்தார். வீட்டு வாசலுக்கே டிராம் வேண்டும் என்று மனுப் போட்டவர்கள் ஊரில் நிறையப் பேர், சாப்பாட்டு மேஜைக்கே வரப்பெற்றவர் அவர் ஒருவர்தான். அவர் மனைவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்தவளை ஒரு வண்டி நிறைய ஆலைத் தொழிலாளிகள் பார்த்துவிட்ட நாளில், பெட்டியைக் கட்டிக்கொண்டு, கூடத்திலேயே டிராம் ஏறித் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

அக்கா விடுமுறை நாட்களில் அந்த டிராமில் ஏறி இடது பக்க ஜன்னலோரம் உட்காருவாள். வண்டி கூடத்துக்குள் நுழையும்போது அவரைப் பார்ப்பாள். அவர் தனியாகச் சாப்பிடுவதை, சட்டைக்குப் பொத்தான் தைக்க நூல் கோக்கத் தெரியாமல் திணறுவதை, ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நிற்பதைப் பார்ப்பாள். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியமில்லை, அவளே மறைத்ததில்லை. ஒரு வயிற்றெரிச்சல் இவ்வளவு நாள் கெடாமல் இருக்குமா என்று மேஸ்திரி ஒருமுறை கேட்டதற்கு, தினமும் காய்ச்சினால் பால்கூடக் கெடாது என்று சொல்லிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் ஜன்னல் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் அவளும் பார்வையை எடுக்க மாட்டாள். அவள் காத்திருந்தது ஒரு வார்த்தைக்கு. நான்தான் வளைத்தேன் என்று அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் அவளை யாரென்று தெரியாத மாதிரி தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

இதற்கிடையில் எதிர்ப்பக்கம் இன்னொன்று நடந்தது. தண்டவாளம் விலக விலக, அவளுடைய பழைய வீடு திரும்ப வர ஆரம்பித்தது. முதலில் அடுக்களையின் சிவப்புத் தரை தாருக்கடியிலிருந்து தெரிந்தது. பிறகு கொல்லைப்படி, பிரம்புத் தொட்டி. சுவர்கள் முளைத்துக் கோடைக்கு முழங்கால் அளவு, குளிருக்கு மார்பளவு வந்தன. ஓடு வேய்ந்து முடிவதற்கு முன்பே வீட்டுவரி கேட்டு ஆள் வந்துவிட்டார், அந்த விஷயத்தில் நகராட்சியை மிஞ்ச ஆளில்லை. அக்கா வேலை முடிந்ததும் போய்ப் பார்ப்பாள். ஆணி இருந்த இடத்தில் ஆணி இருந்தது. கதவில் அவள் சின்ன வயதில் கத்தியால் கீறிய கீறல் இருந்தது. சுவர் இடுப்பு உயரத்தைத் தாண்டிய மாதம், அந்த வழவழப்பான கோடும் வந்தது. அவள் அதில் கையை வைத்தபடி கூடத்திலிருந்து கொல்லைக் கதவு வரை நடந்து போனாள். கதவைத் திறந்து தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் இருந்தது, பிரம்பு ஊறிக்கொண்டிருந்தது, அவன் இல்லை. எல்லாம் வந்ததே, அவன் வரவில்லையே என்று அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். மறுநாள் கிரீஸ் இரண்டு மடங்கு போட்டாள்.

ஆனால் தண்டவாளம் அதற்கு மேல் நகரவில்லை. அது நேராகிவிட்டது. சந்தையில் நின்று பார்த்தால் ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது, நடுவில் அளவுகோல் வீட்டு மேஜையின் ஒரு கால் தெரிந்தது. அக்காவுக்கு அது போதவில்லை. மாடிப்படி மிச்சம் இருந்தது, படுக்கையறை மிச்சம் இருந்தது, அதில் அவர் இன்னும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து சொன்னாள், கெஞ்சினாள், முதல் தடவையாகத் திட்டவும் செய்தாள். தண்டவாளம் காது கேளாததுபோல் வெயிலில் கிடந்தது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், இந்த இரும்புக்குக் கொல்லுகிற எண்ணமே இருக்கவில்லை. நேராக வேண்டும் என்பது மட்டும்தான் அதன் ஆசை. தன்னுடைய ஆசையும் அதனுடைய ஆசையும் இவ்வளவு நாள் ஒரே வழியில் போயிருக்கின்றன, இப்போது பிரிந்துவிட்டன என்று அவளுக்குப் புரிந்தபோது, கூட்டாளி கைவிட்டுவிட்ட கோபம் அவளுக்கு வந்தது. தூரிகையைத் தூக்கி எறிந்தாள். வளைவு இல்லாத தடத்துக்கு கிரீஸ் தேவையில்லை என்று பணிமனை அவளை டிக்கெட் பரிசோதனைக்கு மாற்றியது.

சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு நிறுத்தம் இல்லாதது பயணிகளுக்குப் பெரிய குறையாக இருந்தது. நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் மனு மேல் மனுவாகப் போட்டார்கள். நிர்வாகம் இடம் தேடியது. கூரை, வெளிச்சம், உட்காருவதற்கு நாற்காலிகள் எல்லாம் ஏற்கெனவே இருந்த இடம் ஒன்றுதான். அளவுகோலின் கூடம் நிறுத்தமாக அறிவிக்கப்பட்டு, வீடு விதிப்படி எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார். கண் நீர் அழுத்த நோய் வந்து பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. எதிரே இருக்கிற ஆளின் முகம் தெரியும், காலடி தெரியாது. தடத்துக்காக வீடு போனவர்களுக்கு அடுக்குமாடியில் ஒரு வீடு என்று விதி எழுதியவரே அவர்தான். அடுக்குமாடியில் காலியாகப் போவது ஒரே வீடுதான், நாலாவது மாடியில். ஓட்டு வீட்டுக்குக் கூரை வந்துவிட்டதால் அக்கா அதைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

போகிறவர் வருகிறவர் கையில் நேராகச் சாவியைக் கொடுக்க வேண்டும், அது அந்தக் கட்டிடத்தின் நடைமுறை. அக்கா கட்டிலை இருந்த இடத்திலேயே விட்டிருந்தாள், அதே திசையில். அது மறதி இல்லை. காலையில் அவர் ஒரு கைப்பெட்டியோடு மாடி ஏறி வந்தார், மூச்சு வாங்கியது, சட்டைப் பையில் அளவுகோல் இருந்தது. கையை நீட்டி வாசல் நிலையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே வந்தார். தடவிய விதம் அவளுக்குத் தெரிந்த விதம். ஒரு நிமிஷம் அவள் கை அவரைப் பிடித்துக்கொள்ள நீண்டது, அடுத்த நிமிஷமே அவளுக்குத் தன்மீது கோபம் வந்தது. பால்கனிக் கதவு திறந்திருந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள், மூடினாள், டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஒவ்வொரு படியிலும் மனசு லேசாகிக்கொண்டே வந்தது, இதையும் மறைப்பதற்கில்லை.

கீழே டிராம் வந்து நின்றது. அவள் ஏறினாள். டிராம் கிளம்பவில்லை. ஓட்டுநர் கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தார், இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார், மேலே கம்பியைப் பார்த்தார். மின்சாரம் இருந்தது, விளக்குகள் எரிந்தன, கதவுகள் திறந்து மூடின. வண்டி மட்டும் நகர மறுத்தது. பின்னால் இன்னொரு டிராம் வந்து நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று. நர்சுகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆலைச் சங்கு ஊதாமல் காத்திருந்தது. யாரோ ஒருத்தருக்குக் கணக்கு நேராக இல்லை என்று வயதான பயணி ஒருவர், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்கா மட்டும் காலடியில் கிடந்த இரும்பைப் பார்த்தாள். தனக்குச் சாதகமாக நிமிர்ந்தது இப்போது தன்னிடமே நிமிர்ந்து நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. வாய்க்குள்ளேயே அதை ஒரு வார்த்தை திட்டினாள், அது அச்சில் ஏறாது. பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கி, நாலு மாடியையும் மறுபடி ஏறினாள்.

அவர் பால்கனிப் பக்கமாகத்தான் நடந்துகொண்டிருந்தார், காற்று வருகிற திசை பார்த்து.

"அங்கயே நில்லுங்க," என்றாள் அவள். "அந்தச் சுவர் குட்டை. முழங்காலுக்குத்தான் வரும். உங்களுக்குக் கீழ பார்வை இல்ல. கட்டிலத் திருப்பிப் போட்டுக்குங்க, தூக்கக் கலக்கத்துல நேரா இங்கதான் வருவீங்க."

அவர் நின்றார். குனிந்து கையால் சுவரைத் தேடினார், எதிர்பார்த்த இடத்தில் இல்லை, இன்னும் குனிய வேண்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்துச் சுவரின் உயரத்தில் வைத்தார். கீழே எண்கள் பார்வைக்குப் பிடிபடவில்லை, விரல் நுனியால் கோடுகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி இங்கேர்ந்தா?" என்று கேட்டார்.

"இங்கேர்ந்துதான்."

"நான்தான் வளைச்சேன்மா. சுவரையும் நான்தான் குறைச்சேன்."

இத்தனை வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தாள். காதில் விழுந்தபோது அது ரொம்பச் சின்னதாக இருந்தது. அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "தெரியும்," என்று மட்டும் சொன்னாள். மன்னித்தாள் என்று யாரும் எழுத வேண்டாம், அவள் மன்னிக்கவில்லை. கட்டிலின் கால்பக்கத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் திருப்பிப் போட்டாள். தரையைத் தேய்த்து வந்த சத்தம் கீழே நின்ற டிராம் வரைக்கும் கேட்டது என்று சொல்கிறார்கள். பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலை அன்றைக்கே இப்படித் திருப்பியிருந்தால் என்று நினைத்தாள், கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

அவள் ஏறியதும் டிராம் கிளம்பியது. தாமதத்துக்கு யாரும் காரணம் கேட்கவில்லை. அளவுகோல் வீட்டுக் கூடத்தில் நின்றபோது நோயாளிகளும் நர்சுகளும் ஏறினார்கள், மேஜையோரம் உட்கார்ந்து ஒருவர் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார், ஒரு குழந்தை மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாடியது. அக்கா அந்தக் கூடத்தில் கால் வைக்க மனமில்லாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பெட்டியோடு தன் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். அன்று முதல் பரிசோதனைக்கு வண்டி ஏறும்போதெல்லாம், கிளம்புவதற்கு முன் ஒரு கணம் அவள் தரையைப் பார்ப்பாள். வண்டி நகர்ந்த பிறகுதான் டிக்கெட் கேட்பாள். எப்போதாவது ஒரு டிராம் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டால் ஓட்டுநர் இப்போதெல்லாம் சக்கரத்தைப் பார்ப்பதில்லை. விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். பயணிகளில் யாராவது ஒருவர், எதையோ மறந்துவிட்டவர் மாதிரி எழுந்து இறங்கிப் போவார். மற்றவர்கள் பத்திரிகையைப் பிரித்துக்கொள்வார்கள்.